வடிவு வாசித்த முதல் பாகம்

கொஞ்சம் தள்ளி உக்காருங்க தம்பி. இல்ல, இந்தப் பையைக் கீழ வைக்க முடியாது. எவனாவது மீன் கூடையை வச்சிருப்பான், தண்ணி ஒழுகி வந்துரும். மடியிலயே இருக்கட்டும். உள்ள புஸ்தகம் இருக்கு. எனக்குச் சொந்தமில்ல, லைப்ரரி புஸ்தகம். திருப்பிக் குடுக்கத்தான் டவுனுக்குப் போறேன்.

எங்க ஊர்லயே லைப்ரரி இருந்துச்சு. இப்பம் நான் ஏறுனேம்லா, புளியரம்பட்டி, அந்த ஸ்டாப்புக்கு எதுத்தாப்ல பச்சைக் கதவு போட்ட கட்டடம், பாத்தீயளா? பாத்திருக்க மாட்டீய. முன்னால காலி அட்டைப்பெட்டியைக் குமிச்சு வச்சிருக்கான். அதுதான் லைப்ரரி. போன வருஷம் ஐப்பசியில மூடுனாவ. மூடலையாம், இணைப்புன்னு சொல்லணுமாம். டவுன் லைப்ரரியோட இணைச்சுட்டாங்களாம். கதவைப் பூட்டிட்டுப் போறதுக்கு இப்படி ஒரு பேரு வச்சிருக்கான் தம்பி. வயிறு எரியுது.

நான் அங்க வாசகர் வட்டத்துக்குச் செயலாளர். யூனியன் ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். காலையில போய் உக்காந்தா மூணு பேப்பரையும் ஒரு வரி விடாமப் படிப்பேன். டெண்டர் நோட்டீஸ்கூட விட மாட்டேன். புஸ்தகமா? புஸ்தகத்துக்கெல்லாம் எனக்கு நேரம் ஏது? கூட்டம் போடணும், நோட்டீஸ் எழுதணும், மழை பெஞ்சா ஓடு ஒழுகுதுன்னு பஞ்சாயத்துக்கு அலையணும். செயலாளர்னா லேசா? எல்லாரும் உக்காந்து படிச்சுக்கிட்டே இருந்தா, படிக்கதுக்கு எடத்தை யாரு பாக்கது?

என் வீட்டுக்காரி பேரு சுடலைவடிவு. வடிவுன்னுதான் கூப்பிடுவோம். எங்க ஊர்ப் பொம்பளைங்க முக்காவாசிப் பேரு பீடி சுத்துறவங்க, அவளும் சுத்துவா. எனக்குத்தான் பென்சன் வருதே, உனக்கு எதுக்குட்டி இந்தச் சவத்து வேலைன்னு சொன்னாக் கேக்க மாட்டா. மத்தியானம் சோத்துச் சட்டியைக் கழுவிக் கவுத்துன கையோட, சொளவை, அதான் முறத்தை, தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு உச்சிமாகாளி வீட்டுக்குப் போயிருவா. நாலு வீடு தள்ளி. அங்கன பத்துப் பதினஞ்சு பேரு வட்டமா உக்காந்து, மடியில சொளவை வச்சு, இலையை வெட்டித் தூளைப் போட்டுச் சுருட்டிக்கிட்டே இருப்பாளுவ. சாயங்காலம் கடையில கொண்டு போய்க் குடுக்கணும். ஊர்ப்பொரணி பேசாம பொழுது போகாது இவளுவளுக்குன்னு நானும் விட்டுட்டேன்.

வடிவு எட்டாங்கிளாஸ் வரைக்கும் போயிருக்கா. எழுத்துக்கூட்டி வாசிப்பா, ரேஷன் கார்டுல பேரு பாப்பா, அவ்வளவுதான். ஒரு தடவை கடலைமிட்டாய் பொதிஞ்ச தாளை விரிச்சு வச்சுப் படிச்சுக்கிட்டு இருந்தா. நான், 'என்ன, கலெக்டருக்குப் படிக்கியோ?'ன்னேன். சிரிச்சுட்டு மடிச்சு வச்சுட்டா. நானும் சிரிச்சேன். நல்லாச் சிரிப்பா தம்பி. நாங்க சண்டை போட்டதா ஊர்ல ஒருத்தன் சொல்ல முடியாது.

என்ன சொல்ல வந்தேன்? சர்வே. அதைச் சொன்னாத்தான் மத்தது விளங்கும்.

டெல்லியில இருந்து சர்வே எடுப்பாவள்ளா, நாடு முழுக்க, வீடு வீடா? குலுக்கல் மாதிரி ஊரைப் பொறுக்குவாங்களாம். அதுல எங்க ஊரு விழுந்துச்சு. எங்க ஊருன்னா எங்க தெரு. எங்க தெருன்னா என் வீடு! ஒரு பொண்ணு வந்தா, கையில டேப்லெட்டு வச்சுக்கிட்டு, வெயில்ல வாடிப் போயி. மோரு குடுத்து உக்கார வச்சேன். அவ வச்சிருந்த குறிப்புப் புஸ்தகத்தை வாங்கி அட்டையில இருந்து அட்டை வரைக்கும் படிச்சுட்டேன். வீட்டாளுன்னா யாரு, விருந்தாளின்னா யாரு, யாரைச் சேக்கணும், யாரைச் சேக்கக் கூடாது, எல்லாம் போட்டிருக்கு. எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. அப்பழுக்கில்லாத வேலை. இந்த நாட்டுல ஒழுங்கா நடக்குற வேலை ஒண்ணு உண்டுன்னா அதுதான்.

அந்தப் பொண்ணு கேட்டா, 'அம்மாகிட்ட நேர்ல கேக்கலாமா சார்?' நான் சொன்னேன், 'அவ பீடி சுத்தப் போயிருக்காம்மா. கூப்பிட்டா வேலை கெடும். நான் சொல்லுதேன், எழுது.' வீட்டுல ஒரு பெரிய ஆளு எல்லாருக்கும் சேத்துச் சொல்லலாம்னு அதுலயே இருக்கு. வயசு கேட்டா, சொன்னேன். படிப்பு கேட்டா, சொன்னேன். 'போன மாசத்துல பாடப்புஸ்தகம் தவிர வேற புஸ்தகம் எதுவும் படிச்சாங்களா?' 'அவளா? இல்லம்மா.' 'லைப்ரரிக்குப் போவாங்களா?' 'லைப்ரரிக்கு நான் போவேன், அவ எதுக்கு?' அந்தப் பொண்ணும் சிரிச்சுக்கிட்டே அமுக்கிட்டா.

அதோட விட்டேன்னா நினைக்கீய? அந்தப் பிள்ளை தனியா அலையுமேன்னு தெரு பூராக் கூடவே போனேன். எல்லா வீட்லயும் ஆம்பளைங்கதான் இருந்தோம். பொம்பளைங்க எல்லாம் உச்சிமாகாளி வீட்டு வட்டத்துல இருந்தாளுவ. 'ஒரு எட்டு அங்கயே போயிருவமா சார், எல்லாரையும் பாத்துரலாம்'னு கேட்டா. 'அங்க புகையிலைத் தூளு நெடி, உனக்குத் தும்மலு வந்துரும் தாயி'ன்னு நான்தான் வேண்டாம்னு சொன்னேன். ஒரே மத்தியானத்துல வேலையை முடிச்சுக் குடுத்தேன். போகும்போது கும்பிட்டுச்சு. 'உங்களை மாதிரி ஊருக்கு ஒருத்தர் இருந்தாப் போதும் சார்'னு சொல்லிட்டுப் போச்சு.

அதுக்குப் பொறவு ஒரு வருஷம் கழிச்சு லைப்ரரிக்கு ஓலை வந்துச்சு. வாசகர் வருகை கொறவு, கட்டடமும் சரியில்ல, இதை ஏன் டவுனோட இணைக்கக் கூடாதுன்னு. நூலகர் அருள்மேரின்னு ஒரு பொண்ணு, அது அழுதுக்கிட்டே வந்து காமிச்சுச்சு. அந்த வாரம்தான் பேப்பர்ல சர்வே முடிவும் போட்டிருந்தான். கிராமத்துப் பொம்பளைங்கள்ல புஸ்தகம் படிக்கவங்களை விரல்விட்டு எண்ணிரலாம்னு. நான் துள்ளிக் குதிச்சேன் தம்பி. என் கையில ஆயுதம் கெடைச்சுப் போச்சே! இனி எவன் என்ன பேச முடியும்? நாட்டோட கணக்கு. அதுல என் வீடும் ஒரு புள்ளி.

மனு எழுதுனேன். எப்படி எழுதுனேங்கீய! 'தேசிய அளவிலான கணக்கெடுப்பின்படி கிராமப்புறப் பெண்களுக்கு வாசிப்பு வாசனையே இல்லை. எங்கள் ஊர்ப் பெண்களும் அதற்கு விலக்கல்லர். ஆகவே நூலகம் இன்றியமையாதது.' பசிக்கவனுக்குத்தான சோறு போடணும்? படிக்காத ஊருக்குத்தான லைப்ரரி வேணும்? இதுல ஓட்டை எங்க இருக்கு சொல்லுங்க. சர்வே பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, சிவப்பு மையில அடிக்கோடு போட்டு, பின்னால தச்சேன்.

அருள்மேரி அதைப் படிச்சுட்டுத் தயங்கித் தயங்கி நின்னுச்சு. 'சார், இது வேண்டாம் சார். பீடி சுத்துற அக்காமாரு நாலு பேரைக் கூட்டிட்டுப் போங்க. அவங்க பேசட்டும்.'

'அவளுவ என்ன பேசுவாளுவ? ஆபீசர் முன்னால போய், தூள் நாத்தத்தோட நின்னுக்கிட்டு? அங்கெல்லாம் கணக்குத்தாம்மா பேசும்.'

'இல்ல சார், ஒரு புஸ்தகம் இங்க இருந்து போனா...'

'நீ சின்னப் பொண்ணு, உனக்கு ஆபீஸ் நடைமுறை தெரியாது'ன்னேன். நல்ல பொண்ணு. ஆனா ஒரு விஷயத்தைச் சட்டுன்னு உடைச்சுச் சொல்லத் தெரியாது. இந்தக் காலத்துப் பிள்ளைங்களே அப்படித்தான்.

மனு குடுக்கப் போற அன்னிக்குக் காலையில வடிவு கல்யாணத்துக்குக் கட்டுற அரக்குச் சேலையைக் கட்டிக்கிட்டு நின்னா. தலை சீவி, பூ வச்சு. நான் செருப்பை மாட்டிக்கிட்டே, 'எந்த வீட்டு விசேஷம்?'னு கேட்டேன். 'நானும் வரட்டுமா?'ன்னா. 'எங்க?' 'ஆபீசுக்கு.' 'நீ வந்து என்ன செய்யப் போற? வெயில்ல அலைஞ்சு மூச்சு வாங்கவா?' அவளுக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு தம்பி, நான் அவ நல்லதுக்குத்தான் சொன்னேன். 'சரி, பாத்துப் போயிட்டு வாங்க'ன்னா. தண்ணி பாட்டிலை நிரப்பிக் குடுத்தா.

பஸ் ஸ்டாப்புல பாத்தா உச்சிமாகாளி நிக்கா, அவ வட்டத்துல பீடி சுத்துற பாத்துமுத்து நிக்கா, இன்னும் ரெண்டு மூணு பேரு. எல்லாரும் நல்ல சேலை கட்டிக்கிட்டு. என்னைப் பாத்தாளுவ, எனக்குப் பின்னால எட்டிப் பாத்தாளுவ, திரும்பிப் போயிட்டாளுவ. அன்னிக்கு எங்க முகூர்த்தமோ என்னமோ, வண்டி வரலைன்னு போயிருப்பாளுவ.

என்ன தம்பி அப்படிப் பாக்கீய? தண்ணி வேணுமா? சரி.

நூலகத்துறை ஆபீசர் நல்ல மனுஷன்தான், உக்காரச் சொன்னாரு. மனுவைப் படிச்சாரு. நான் போட்ட சிவப்புக் கோட்டு மேல விரலை ஓட்டிப் பாத்தாரு. பொறவு டிராயரைத் திறந்து எடுக்காரு, அதே சர்வே! அவரும் கோடு போட்டு வச்சிருக்காரு. அதே வரி.

'நீங்களே எழுதிட்டீங்களே சார்'ங்காரு. 'பெண்கள் படிக்கிறதில்லைன்னு சர்வே சொல்லுது. உங்க நூலகப் பதிவும் அதைத்தான் சொல்லுது. பெண் உறுப்பினர் எடுத்த புஸ்தகம் ரொம்பக் கம்மி. ரெண்டும் ஒத்துப் போகுதே.'

'அதனாலதான் சார் லைப்ரரி வேணுங்கேன். பசிக்கவனுக்குத்தான சோறு...'

'சாப்பிட வராத ஊர்ல எதுக்கு சார் பந்தி?'

நான் விடல. ஓங்கிப் பேசுனேன். அவரு கையை அமத்திக் காமிச்சாரு. 'சரி, உங்க ஊர்ல ஒரே ஒரு அம்மா வந்து, எனக்கு இந்த நூலகம் வேணும்னு என் முன்னால சொல்லட்டும். நான் எழுதிக்கிறேன். வெளிய யாரும் நிக்கிறாங்களா?'

நான் சொன்னேன், 'எங்க ஊர்ப் பொம்பளைங்களுக்கு அதெல்லாம் பேசத் தெரியாது சார். அவங்களுக்கும் சேத்துத்தான் நான் வந்திருக்கேன்.'

அவரு மனுவுல என்னமோ எழுதி, மடக்கி, தட்டுல போட்டாரு. சோலி முடிஞ்சுது. கணக்கைக் கணக்காலயே வெட்டுவான்னு நான் எதிர்பாக்கல தம்பி. எங்க தப்புன்னு இன்னிக்கு வரைக்கும் யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். சர்வேயில தப்பில்ல. அது எனக்குத் தெரியும், நானே கூட இருந்து பாத்தது. அந்த ஆபீசருக்குப் புரிஞ்சுக்கத் தெரியல.

புஸ்தகத்தை ஏத்திப் போக வேன் வந்த அன்னிக்கு, சாக்குல கட்டித் தூக்கிப் போட்டானுவ. நெல்லு மூட்டையைக்கூடக் கொஞ்சம் பதனமாப் போடுவான். நான் திட்டிக்கிட்டே நின்னேன். வடிவு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. முந்தானையை வாயில வச்சுக்கிட்டு நின்னா. தூசிக்கு இளைப்பு வந்துரும்னு வீட்டுக்குப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன். வேன் கெளம்புற வரைக்கும் போகல.

அன்னிக்குச் சாப்பிடும்போது கேட்டா. 'உங்களுக்கு ஆபீஸ்ல எல்லாரையும் தெரியும்லா. டவுன் லைப்ரரியில இருந்து ஒரு புஸ்தகம் எடுத்துட்டு வர முடியுமா? ரெண்டாம் பாகம்.'

'யாருக்கு?'

'பாத்துமுத்துக்கு.'

'பாத்துமுத்து எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சா? அவளுக்குக் கையெழுத்தே போடத் தெரியாதேட்டி!' எனக்குக் கோவம் வந்துருச்சு. 'ஒரு லைப்ரரியையே வாரிட்டுப் போயிட்டானுவன்னு நான் வெந்துக்கிட்டு இருக்கேன், நீ ஒரு புஸ்தகத்துக்கு வந்துட்ட!'

மோரை ஊத்திட்டு அந்தப் பக்கம் போயிட்டா. பொறவு கேக்கவே இல்ல. ஒரே ஒரு தடவை, தீவாளி கழிஞ்சு, 'நீங்க டவுனுக்குப் போற சோலி ஒண்ணும் இல்லியா?'ன்னா. இல்லைன்னேன். அவளாப் போகலாம்னா, ஒரு மணி நேரம் நின்னுக்கிட்டே போற வண்டி இது, அவ மூச்சுக்கு ஆகாது. மத்தியானம் பீடி சுத்தப் போறதும் கொறைஞ்சு போச்சு. போனாலும் சீக்கிரம் வந்துருவா. 'என்னட்டி, பொரணி எல்லாம் தீந்து போச்சா?'ன்னு கேப்பேன். ஆமான்னு தலையாட்டுவா.

தை மாசம் போயிட்டா தம்பி. இளைப்புதான். காலையில காப்பி போட்டுக் குடுத்தா, மத்தியானம் இல்ல.

இருங்க. கண்ணாடியைத் தொடைச்சுக்கிடுதேன். இந்த ரோட்டுல எப்பமும் தூசி.

உச்சிமாகாளி மாரடிச்சு ஒப்பாரி வச்சா. எங்க பக்கம் அவ ஒப்பாரிக்கு நல்ல பேரு. நான் பந்தக்கால்ல சாஞ்சு நிக்கேன், காதுல விழுது.

'வாசிச்ச வாயி மூடிருச்சே வடிவக்கா,
வட்டம் போட்டு இருக்கோமே வடிவக்கா,
கூண்டுல நின்னவ என்ன சொன்னா வடிவக்கா,
மீதியைச் சொல்லாமப் போனியே வடிவக்கா.'

ஒப்பாரியில எது வேணா வரும்லா? வெத்தலைக் கொடி வைக்காதவளை வெத்தலைத் தோட்டக்காரிம்பாவ, மாடு இல்லாதவளைப் பால்காரிம்பாவ. அப்படித்தான் நினைச்சேன். ஆனா சுத்தி இருந்த அம்புட்டுப் பேரும் அந்த வரி வந்ததும் ஒண்ணாச் சேந்து கதறுனாளுவ. பாத்துமுத்து சுவத்துல முட்டிக்கிட்டு, 'எங்களுக்கு இனி யாரு வாசிப்பா'ன்னு அழுதா. எனக்கு ஒண்ணும் விளங்கல. வெளியூர்ல கட்டிக் குடுத்த மகள் வந்திருந்தா, அவளைக் கேட்டேன். அவளுக்கும் தெரியல.

காரியம் முடிஞ்சு உச்சிமாகாளியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அப்பம்தான் சொன்னா.

வருஷக்கணக்கா நடந்திருக்கு தம்பி. நான் பேப்பர் படிச்சுட்டு வந்த பொறவு வடிவு லைப்ரரிக்குப் போய்ப் புஸ்தகம் எடுத்து, சொளவுல இலைக்கு அடியில வச்சுக் கொண்டு போவாளாம். வட்டத்துல உக்காந்து வாசிப்பாளாம், இவளுவ கேட்டுக்கிட்டே சுத்துவாளுவளாம். வாசிக்கவளுக்குக் கை ஓடாதுல்லா? அதனால அவ பங்கு பீடியை ஆளுக்குக் கொஞ்சமாச் சுத்தி அவ சொளவுல போட்டுருவாளுவளாம். சாயங்காலம் அவளும் எல்லாரைப் போலக் கடைக்குப் போவா. கடைக்காரன்கூட என்கிட்டச் சொல்லிருக்கான், 'உங்க வீட்டம்மா கட்டுல ஒரு பீடி போல ஒரு பீடி இல்ல அண்ணாச்சி'ன்னு. நான் அதையும் அவகிட்டச் சொல்லிக் கேலி பண்ணுவேன். அப்பமும் சிரிப்பா.

ஏன் என்கிட்டச் சொல்லல? ஒரு வார்த்தை! நான் செயலாளர் தம்பி! ஊர் ஊரா ஆளைத் தேடி அலையுதேன், வாசகர் எங்க, வாசகர் எங்கன்னு. என் வீட்டுக்குள்ள இருக்கா ஒருத்தி, எனக்குத் தெரியாது. அருள்மேரிக்குத் தெரிஞ்சிருக்கு. பாத்துமுத்துக்குத் தெரிஞ்சிருக்கு. வடிவு சொல்லக் கூடாதுன்னு சொன்னாளாம், இவளுவளும் வாயைத் தைச்சுக்கிட்டு இருந்தாளுவளாம். நான் என்ன புலியா, சிங்கமா? உச்சிமாகாளிகிட்டக் கத்திட்டேன். அவ நிதானமாச் சொன்னா, 'அக்கா சொல்லும் அண்ணாச்சி, அவிய பெரிய வேலையா அலையுதாவ, இதைப் போயி ஏன் சொல்லிக்கிட்டுன்னு.'  சண்டைக்காரியா இருந்தாக்கூடத் தாங்கிருப்பேன்.

இந்தா பாருங்க, இதுதான் அந்தப் புஸ்தகம். மொதப் பாகம். அவ சொளவுல இருந்துச்சு. லைப்ரரியை வாரிட்டுப் போன அன்னிக்கு இது இவ கையில இருந்திருக்கு. ரெண்டாம் பாகம் வேன்ல போயிருச்சு. எந்தப் பக்கத்தைத் தொறந்தாலும் நடுவுல புகையிலைத் தூள், பாருங்க. மோந்து பாருங்க. வேண்டாம், தும்மல் வரும்.

கதை என்னன்னா, உப்பளத்துல வேலை பாக்குற ஒரு பொண்ணு. அவ கண்ணு முன்னால ஒரு கொலை நடந்து போச்சு. சொல்லாதன்னு ஊரே மெரட்டுது, வீட்டுல புருசனும் வேண்டாங்கான். கடைசியில துணிஞ்சு கோர்ட்டுக்குப் போயிருதா. கூண்டுல ஏறி நிக்கா. ஜட்ஜு, 'சொல்லும்மா'ங்காரு. அங்கன முடிஞ்சு போச்சு, தொடரும்னு போட்டுட்டான். இவளுவ ஐப்பசியில இருந்து அங்கனயே நிக்காளுவ. வடிவும் அங்கன நின்னுக்கிட்டுத்தான் போயிருக்கா.

போன வாரம் உச்சிமாகாளியும் பாத்துமுத்தும் வாசல்ல வந்து நின்னாளுவ. 'அண்ணாச்சி, மொதப் பாகத்தைக் குடுத்துட்டு ரெண்டாம் பாகத்தை வாங்கிட்டு வாங்க.'

'வாங்கிட்டு வந்து? யாரு வாசிப்பா?'

'நீங்கதான் வாசிக்கணும். உங்க பங்கு பீடியை நாங்க சுத்திப் போட்டுருதோம்.'

பாத்துமுத்து சொல்லுதா இதை! எனக்கு என்ன பங்கு பீடி? எனக்குச் சிரிப்பு வந்துச்சு, பொறவு சிரிக்க முடியல. சரின்னுட்டேன். அதான் இன்னிக்குக் கெளம்பிட்டேன். குடுப்பாவளான்னு தெரியல. லைப்ரரி அட்டை அவ பேர்ல இருக்கு. எனக்கு அட்டை கெடையாது, நான் பேப்பர்தான படிப்பேன்.

முந்தாநாள் மத்தியானம் வீட்டுல யாருமில்ல. கடைசிப் பக்கத்தை எடுத்து வச்சுக்கிட்டுச் சத்தமா வாசிச்சுப் பாத்தேன், பழகிக்கிடுவோமேன்னு. மனு வாசிக்க மாதிரி வருது தம்பி. அந்தப் பொண்ணு கூண்டுல ஏறி நிக்கா, என் குரல்ல அவ கிளார்க்கு மாதிரி நிக்கா. வடிவு எப்படி வாசிச்சிருப்பா? வேகமாவா, நிறுத்தி நிறுத்தியா? ஜட்ஜு குரலுக்கு என்ன செய்வா? இளைப்பு வந்தா நடுவுல என்ன செஞ்சிருப்பா? அந்த வட்டத்துல இருந்த அம்புட்டுப் பேருக்கும் தெரியும். பாத்துமுத்து சொல்லுதா, 'அக்கா அழுவுற எடத்துல நிறுத்தி, இலையை வெட்டுத மாதிரி குனிஞ்சுக்கிடும்'னு. நாலு வீடு தள்ளித்தான் இருந்தேன். ஒருநாள்கூட நான் கேட்டதில்ல. அவ வாசிச்ச சத்தத்தை நான் ஒருநாள்கூடக் கேட்டதில்ல தம்பி.

டவுன் வந்துருச்சு போல. கண்டக்டர், லைப்ரரி ஸ்டாப்புல நிறுத்துங்க! நிறுத்த மாட்டான், பஸ் ஸ்டாண்டுலதான் நிறுத்துவான். பரவால்ல, நடந்துருவேன்.

மறுபடியும் சர்வே எடுக்கப் போறாங்களாம், பேப்பர்ல போட்டிருந்தான். எங்க தெருவுல விழுந்தாலும் விழும். வரட்டும். அந்தப் பொண்ணே வந்தாலும் வரட்டும், மோரு குடுக்க ஆளு இல்ல, நானே கலக்கிக் குடுக்கேன். உங்க வீட்டுல புஸ்தகம் படிக்கவங்க உண்டான்னு கேப்பா. உண்டும்மான்னு சொல்லணும். ஒருத்தி உண்டு, அவ படிச்சா தெருவே படிச்சதுன்னு சொல்லணும். வடிவு பேரை முழுசா எழுதச் சொல்லணும்.

ஆனா எழுத மாட்டா. செத்தவங்களைச் சேக்கக் கூடாது. அந்தக் குறிப்புப் புஸ்தகத்துலயே போட்டிருக்கு தம்பி, நான் முழுசாப் படிச்சிருக்கேன்.